தொந்தி வைத்த கோடு

அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? தேங்க்ஸ்க்கா. என்ன அப்படிப் பாக்குறீங்க, தானா சிரிக்குதே இந்தப் பொண்ணுன்னா? பைத்தியம் எல்லாம் இல்லக்கா. இப்பதான் ஒரு காரியம் பண்ணிட்டு வரேன். கேட்டீங்கன்னா நீங்க சிரிக்கிற சிரிப்புல டிரைவர் திரும்பிப் பாப்பாரு. ஆனா உடனே சொல்ல மாட்டேன். உடனே சொன்னா பாதிச் சிரிப்புதான் வரும். முதல்ல அந்த ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு உங்களுக்குத் தெரியணும். நீங்க எங்க இறங்கணும்? வாட்டர் டேங்க்கா? அப்ப நேரம் இருக்கு.

கமலவேணி அம்மாள் ஸ்கூல் தெரியுமா? வாசல்ல சிமெண்ட் யானை நிக்குமே, தும்பிக்கை உடைஞ்சது, அதேதான். அங்கதான் படிக்கிறேன். எங்க ஏரியாவுல ஒரு கால்வாய் ஓடுது. கால்வாய்னு மரியாதைக்குச் சொல்றது, சாக்கடைதான். அதுக்கு வடக்க முல்லைவனம் நகர். தெற்க எங்க ஹவுசிங் போர்டு வீடு, எட்டு பிளாக்கு. ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் ஒரே ஸ்கூல்தான். இப்ப ஸ்கூல்ல உட்கார இடம் பத்தலைன்னு டிரஸ்ட்காரங்க ஏரி ஓரமா இன்னொரு கட்டடம் கட்டிட்டாங்க. பெயின்ட் மட்டும் நல்லாயிருக்கு. லேப் கிடையாது, பத்தாவது வரைக்கும்தான் கிளாஸ். ஜூன்லேருந்து பாதிப் பிள்ளைங்க பழைய ஸ்கூல், பாதி புதுசு. யார் எங்கன்னு முடிவு பண்ண மேப்ல ஒரு கோடு போடணும். கோட்டுக்குள்ள வீடு இருந்தா பழைய ஸ்கூல். வெளிய இருந்தா ஏரி.

நான் இப்பதான் பத்தாவது எழுதியிருக்கேன். பதினொண்ணுல பயாலஜி க்ரூப்பு. தேவகி டீச்சர் நோட்டுல என் பேரை முதல்ல எழுதி வச்சிருக்காங்க. கோட்டுக்கு வெளிய விழுந்தேன்னா எனக்கு பதினொண்ணே கிடையாது. எங்க அம்மா தினம் தாம்பரம் அனுப்பி எல்லாம் படிக்க வைக்க மாட்டாங்க. எதிர் பிளாக்ல தையல் மிஷின் ஒண்ணு சும்மா கிடக்குதுன்னு போன மாசமே ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போயிட்டா. அதனால எனக்கு அந்தக் கோடு ரொம்ப முக்கியம். இத மனசுல வச்சுக்கங்க.

போன வாரம் கூட்டம் போட்டாங்க, ஸ்கூல் ஷெட்ல, பெரியவங்களுக்கு மட்டும். நான் எப்படி உள்ள இருந்தேன்னா, தேவகி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ரோஸ்லின், யாரு கை தூக்குறாங்களோ அவங்ககிட்ட மைக்கைக் கொண்டு போய்க் கொடு, வாயைத் திறக்காதே"ன்னாங்க. வாயைத் திறக்கலக்கா. காதைத் திறந்து வச்சுக்கிட்டேன். ஒவ்வொருத்தரும் பேசப் பேச அரை அடி தள்ளி நின்னு கேட்டேன். யாருக்கு எங்க மூச்சு வாங்குது, யாருக்கு எந்த எழுத்துல எச்சில் தெறிக்குது, அத்தனையும் எங்கிட்ட இருக்கு.

முதல்ல நகர் சங்கச் செயலாளர், சக்கரபாணி. மைக்கை வாய்க்குள்ள விட்டுக்குவாரு. "ப்பு. ப்பு. கேக்குதா? கடைசியில கேக்குதா? நண்பர்களே... யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் யாருக்கும் எதிரி இல்ல. அந்தப் பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்கதான். நம்ம பிள்ளைங்கங்கிறதாலதான் சொல்றேன், அவங்களுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல் கிடைச்சா அவங்களுக்குத்தானே நல்லது? ப்பு." கடைசியிலயும் ஒரு ப்பு. எதுக்குன்னே தெரியல.

சிரிக்காதீங்கக்கா, இது இல்ல. இது சும்மா.

அடுத்தது இந்துமதி மேடம். இவங்களுக்குக் குரல் மேல போய் மேல போய் அங்கேயே நின்னுடும், இறங்கவே இறங்காது. "எனக்கு வித்தியாசமே கிடையாதுங்க! எங்க வீட்டுல வேலை செய்ற அம்மாவே அந்த பிளாக்குதான்! அவங்களுக்குன்னு தனியா ஒரு டம்ளரே வாங்கி வச்சிருக்கேன்! ஆனா என் பையன் வீட்டுக்கு வந்து என்னையே 'இன்னாம்மா'ங்கிறான், அதுக்கு யாரு பதில் சொல்றது?" எல்லாரும் கை தட்டினாங்க. டம்ளருக்குத் தட்டினாங்களா, 'இன்னாம்மா'வுக்குத் தட்டினாங்களான்னு தெரியல.

அப்புறம் ரகோத்தமன். கம்ப்யூட்டர் கம்பெனி. மேப்பை ஃப்ளெக்ஸ் போர்டுல அடிச்சுக் கொண்டாந்துட்டான், கல்யாண பேனர் சைஸுக்கு. மூக்காலயே பேசுவான். "லாஜிக்கலா பார்ப்போம். எமோஷன் வேணாம். கால்வாய்ங்கிறது ஒரு இயற்கையான எல்லை." முனிசிபாலிட்டி ஜேசிபி வச்சுத் தோண்டினது, இயற்கையாம். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால கால்வாய் மேலேயே சர்ருன்னு ஒரு கோடு போட்டான். எல்லாரும் ஆஹான்னாங்க.

அப்பதான்க்கா பின்னாடிலேருந்து ஒருத்தர் எழுந்திரிக்கிறாரு. "சார், முல்லைவனம் ஃபேஸ் டூ கால்வாய்க்குத் தெற்க இல்ல இருக்கு? பதினோரு வில்லா இருக்கே?" ரகோத்தமன் மேப்பைப் பாக்குறான், மூக்கைச் சொறியுறான். "அது... அங்க மட்டும் சின்னதா ஒரு வளைவு கொடுத்துக்கலாம்." கோடு கால்வாயைத் தாண்டிப் போய் பதினோரு வீட்டையும் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துச்சு. உடனே இன்னொரு அம்மா, "எங்க நாத்தனார் வீடு அதுக்கும் அந்தாண்ட இருக்கே!" இன்னொரு வளைவு. அப்புறம் டியூஷன் சென்டர். அப்புறம் ஷட்டில் கோர்ட்டு. ஷட்டில் கோர்ட்டு எந்த ஸ்கூலுக்கக்கா போகப் போகுது? அதையும் உள்ள இழுத்துக்கிட்டாங்க. கடைசியில பாத்தா கோட்டுக்குத் தொந்தி விழுந்திருக்கு. நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்த மாதிரி தெற்கால தொங்குது. எல்லாரும் உள்ள. எட்டு பிளாக்கு மட்டும் சுத்தி வளைச்சு வெளிய.

"இதுதான் லாஜிக்"னான்.

எங்க பிளாக்லேருந்து நாலு பேர் வந்திருந்தாங்க. நாற்காலி காலியா கிடந்துச்சு, நாலு பேரும் தூணோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. எங்க அம்மாவும். நான் மைக்கைக் கொண்டு போய் மூக்குக்கு நேரா நீட்டுறேன், அம்மா தலையை ஆட்டுறாங்க, வேணாம் வேணாம்னு. அவங்களையும் பேசிக் காட்டட்டுமா? பேச்சே கிடையாது, வெறும் தலைதான். இப்படி. வீட்டுக்கு வந்து, ஆட்சேபம்னு ஒரு வரியாவது எழுதிக் கொடுங்கன்னு சண்டை போட்டேன். "எழுதிக் கொடுத்து மட்டும் என்ன ஆகப் போகுது?"ன்னாங்க. எட்டு பிளாக்லயும் இதே பாட்டு. ஒருத்தரும் ஒரு வரி எழுதல.

கூட்டத்துல டிரஸ்ட் மேனேஜர் கடைசியா எழுந்தாரு. குரலே வராது, தூங்குற குழந்தையை எழுப்பக் கூடாதுங்கிற மாதிரி பேசுவாரு. "ஆதரவு, ஆட்சேபம் எதுவானாலும்... வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள்ள... ஆர்ச் ஸ்டாப் ஆபீஸ்ல... நேர்ல, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். மெயில் வேணாம். வாட்ஸ்அப் வேணாம். பன்னிரண்டுக்கு மேல வர்ற காகிதத்தை வாங்க மாட்டோம்." சக்கரபாணி உடனே, "வீட்டுக்கு ஒரு கடுதாசி! அம்பது வரணும்! ப்பு!"

அந்த வெள்ளிக்கிழமை எது தெரியுமா? இன்னிக்கு.

வரேன்க்கா, வரேன். சிரிப்பு இனிமேதான். இப்பவே அவசரப்பட்டா எப்படி?

காலையில ஆதார்ல பேர் திருத்த தாம்பரம் கிளம்பினேன். பதினொண்ணு பத்து பஸ்ஸு. பின்னாடி நீள சீட்டு. பக்கத்துல ஒரு ஆளு வந்து உட்காருது. அறுபது வயசுக்கு மேல, எலுமிச்சைக் கலர் அரைக்கைச் சட்டை, மடியில தடியா ஒரு காக்கிக் கவர், ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு. பாத்ததும் தெரிஞ்சு போச்சு. அன்னிக்குக் கூட்டத்துல நாலாவது வரிசையில கடைசி வரைக்கும் கையைத் தூக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தான்க்கா. நான்தான் மைக்கைக் கொண்டு போகல. ஏற்கெனவே ஆறு சக்கரபாணி பேசியாச்சு, ஏழாவது எதுக்கு? ரெண்டு தடவை "பாப்பா, இங்க"ன்னான். கேக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியல. மைக் புடிச்ச பொண்ணை யாரு பாக்குறா? "பாப்பா, ஆர்ச் ஸ்டாப் வந்தா கொஞ்சம் சொல்றியாம்மா? வண்டியை சர்வீஸ்ல விட்டிருக்கேன். இந்தப் பக்கம் பஸ்ஸுல போய் ரொம்ப நாளாச்சு. கண்ணும் இப்ப சரியில்ல, போர்டு படிக்க முடியல"ன்னான்.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னுச்சு.

"ஷ்யூர் அங்கிள்"னேன். நகர் பொண்ணுங்க குரல் தெரியுமா, ஒவ்வொரு சொல்லையும் கேள்வி மாதிரி முடிப்பாளுங்க. "நானும் முல்லைவனம்தான் அங்கிள்? ஃபேஸ் ஒன்? கோடு விஷயமா போறீங்களா?"

"ஆமாம்மா. பன்னிரண்டுக்குள்ள கொடுத்தாகணும். அன்னிக்குப் பேச விடல. அதான் எழுதிட்டேன்."

எழுதிட்டானாம். அவ்வளவு தடியா! ஒருத்தன் மட்டும் எழுதினா அவ்வளவு இருக்குமா? அம்பது வீட்டுக் கடுதாசியையும் இவன் கையிலதான் கொடுத்து அனுப்பியிருக்காங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். எங்க எட்டு பிளாக்கும் அந்தக் கவர்ல அடைபட்டு அவன் மடியில கிடக்குது. ஆர்ச்சுக்கு இருபத்தஞ்சு நிமிஷம். அது வரைக்கும் என்ன, அதுக்கு அப்புறமும் இவனை ஜன்னல் பக்கம் திரும்ப விடக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

ஆரம்பிச்சேன். முதல்ல சக்கரபாணி. "ப்பு"ன்னதுமே ஆளு குலுங்கிட்டான். இந்துமதி மேடம் பண்ணேன், கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிறான். "அந்த டம்ளரை இன்னொரு தடவை சொல்லும்மா"ங்கிறான். பாத்தீங்களா வெட்கத்தை? தன் கூட்டத்தையே கிழிச்சுத் தோரணம் கட்டுறேன், ஜம்முன்னு உட்கார்ந்து ரசிக்கிறான். இவங்களுக்கு ரோஷமே கிடையாதுக்கா.

நடுவுல கோட்டைப் பத்திச் சொன்னேன், கையாலயே தொந்தி போட்டுக் காட்டினேன். அதுக்கு மட்டும் சிரிக்கல. "முப்பத்தோரு வருஷம் சர்வே டிபார்ட்மென்ட்ல கோடு போட்டவன்மா நான். இந்த மாதிரி ஒரு கோட்டை நான் பாத்ததே இல்ல"ன்னான். பெருமையைப் பாருங்க! ரகோத்தமனுக்கு ஒரு சர்டிஃபிகேட்டு!

அப்புறம் என்ன கேட்டான் தெரியுமா? "உன் கிளாஸ்ல பிளாக் பிள்ளைங்க இருக்காங்களாம்மா? எப்படிப் படிக்குறாங்க?" வந்துட்டான் பாயின்ட்டுக்குன்னு நினைச்சுக்கிட்டேன். அவனுக்கு என்ன வேணுமோ அதையே கொடுத்தேன். "ஐயோ அங்கிள், பக்கத்துல உட்காரவே முடியாது? ஒரே நாத்தம்? அதுங்க எல்லாம் எதுக்கு பயாலஜி படிக்கணும்?" என்னையே நான் திட்டிக்கிற மாதிரிதான். ஆனா சுத்தமா வந்துச்சுக்கா, இந்துமதி மேடம் பொண்ணு மாதிரியே. ஆளு என்னையே பாத்தான். அப்புறம் கவரைத் தடவிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான். காதுக்குக் குளிர்ச்சியா இருந்திருக்கும், அப்படியே கனவுல போயிட்டான்.

திரும்பினது ஜன்னல் பக்கம்! ஆர்ச்சு வருது! வளைவே கண்ணுக்குத் தெரியுது! நான் என்ன பண்ணேன்? சட்டுன்னு டிரஸ்ட் மேனேஜரை எடுத்தேன். குரலே இல்லாம, காத்துலயே. அது காதுல விழணும்னா கிட்ட குனிஞ்சு கேட்டுத்தான் ஆகணும். குனிஞ்சான். குனிஞ்சே இருந்தான். கண்டக்டர் விசில் அடிச்சாரு, நாலு பேர் இறங்கினாங்க, மூணு பேர் ஏறினாங்க, பஸ்ஸு கிளம்பிடுச்சு. "மெயில் வேணாம்... வாட்ஸ்அப் வேணாம்..."னு நான் ஊதிக்கிட்டே இருக்கேன்.

தாம்பரம். எல்லாரும் இறங்குறாங்க. "பாப்பா, ஆர்ச்சு இன்னும் வரலியாம்மா?"

இப்ப சிரிங்கக்கா! இதுதான் இடம்! ஆர்ச்சு இன்னும் வரலியாம்மா! எழுந்து நின்னேன். என் சொந்தக் குரல்ல சொன்னேன். "ஆர்ச்சு எப்பவோ போயாச்சு. மணி பன்னிரண்டு ஆறு. நான் ஃபேஸ் ஒன் இல்ல. சி பிளாக்கு, மூணாவது மாடி. இனிமே அந்தக் கவரைக் கொண்டு போய் உங்க கால்வாயில போடுங்க."

கவரைப் பாக்குறான், என்னைப் பாக்குறான். காத்துப் போன டியூப்பு மாதிரி ஆயிடுச்சு மூஞ்சி. கத்துவான், போலீஸ் கீலீஸ்னு குதிப்பான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஸ்டாண்டு பெஞ்சுல போய் உட்கார்ந்தான். "சி பிளாக்கா?"ன்னான். "ஆமா"ன்னேன். "பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான் அந்த மேனேஜருக்கு. ஒரு நிமிஷம் தாண்டினாலும் வாங்க மாட்டான். அதுக்குத்தானே கெடு வச்சான்"னு தனக்குத்தானே பேசிக்கிட்டான். அப்புறம் இந்தக் கவரை எடுத்து என் கையில வச்சுட்டு, "உங்க அம்மாகிட்ட கொடும்மா"ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டான். தோத்தவன் நடை, இப்படி, செருப்பு தேய.

எங்க அம்மாகிட்ட கொடுக்கணுமாம்! உன் பொண்ணை ஒழுங்கா வளர்க்கலைன்னு புகார் எழுதுவான்போல! எனக்கு ஆதாரும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு எதிர் பஸ்ஸைப் புடிச்சு ஏறிட்டேன். பிளாக்குல போய் இத நடிச்சுக் காட்டலைன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும். அதுக்குள்ள நீங்க மாட்டினீங்க.

என்னக்கா நீங்க, உதட்டைக்கூட அசைக்க மாட்டேங்கிறீங்க? என்ன? இல்ல, இன்னும் பிரிக்கல. இருங்க, பிரிக்கிறேன். அம்பது கடுதாசியையும் ஒண்ணொண்ணா அவங்கவங்க குரல்லயே படிச்சுக் காட்டுறேன், வாட்டர் டேங்க் வரைக்கும் தாங்கும்.

ஸ்டேப்ளர் அடிச்சிருக்கான் பாருங்க, ஏழு எட்டு பின்னு. வந்துடுச்சு.

முதல்ல இந்த ஆளோடது. குரலைக் கேளுங்க, கொஞ்சம் கம்மும், ஒவ்வொரு வரிக்கும் நடுவுல எச்சில் முழுங்குவான். "அனுப்புநர். கோ. தணிகைவேல். நில அளவைத் துறை, ஓய்வு. முல்லைவனம் நகர். பெறுநர். மேலாளர் அவர்கள். ஐயா." ஐயாவாம்! "பொருள். பள்ளி எல்லைக்கோடு. கால்வாய்க்குத் தெற்கே வசிக்கும் பிள்ளைகளை..." பாத்தீங்களா, எடுத்த எடுப்புலயே எங்க மேலதான் கை வைக்கிறான். "...பிள்ளைகளைப் பழைய வளாகத்திலிருந்து நீக்குவதற்கு என் ஆட்சேபம்."

ம்?

இருங்க. வரி மாறிப் படிச்சுட்டேன்போல. "நீக்குவதற்கு என் ஆட்சேபம்." அப்படித்தான் எழுதியிருக்கு. ஏதோ சட்டப் பாஷையா இருக்கும், கீழ பாக்கலாம்.

"இப்பள்ளி நிற்கும் இடத்தில் முன்பு நாற்பத்தோரு குடிசைகள் இருந்தன. அந்த இடத்தை அளந்து கல் நட்டவன் நான். குடிசைகளை அகற்றி நிலத்தை அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எக்காலத்திலும் இந்த வளாகத்திலேயே இடம் தர வேண்டும் என்று நிபந்தனை எழுதப்பட்டது. அக்குடும்பங்களே இன்று போர்டு வீடுகளில் இருக்கின்றன. நிபந்தனையின் நகல், நில வரைபடம், குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை இத்துடன்..."

அடியில இருக்கிறதெல்லாம் அதுதான்போல. பழைய காகிதம். மடிப்பு மடிப்பா. வேற யார் கடுதாசியும் இல்லக்கா. அம்பதும் இல்ல. இது ஒண்ணுதான்.

"எதிராக எழுத வேறு எவரும் முன்வரவில்லை என அறிகிறேன். எனவே இந்த ஒரு மனுவையாவது..."

இல்லக்கா, சும்மா நிறுத்தல. அவரு குரல் வர மாட்டேங்குது. கொஞ்ச நேரம் முன்ன வந்துச்சே. நீங்க படிங்க. உங்க குரல்லயே படிங்க, மெதுவா. இல்ல, வேணாம், கொடுங்க.

அக்கா, மணி என்ன?